கண்ணாடியைத் தாங்கும் இரும்பு

தொலைநோக்கியில் படம் சரியில்லை என்றால் எல்லோரும் முதலில் கண்ணாடியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் சந்தேகப்படுவேன். கோவை கணபதியில் முப்பது ஆண்டு லேத் பட்டறை நடத்தியவன் நான். பம்ப் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து பழகிய கை. மோட்டார் சத்தம் போட்டால் காயிலைப் பார்க்குமுன் பேரிங்கைத் தொட்டுப் பார்ப்பது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் வானத்தின் பக்கமும் போனேன். பத்தாண்டுக்கு மேலாக என் மொட்டை மாடியில் நிற்கும் 6 அங்குலத் தொலைநோக்கி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: வெளிச்சத்தைச் சேர்ப்பது கண்ணாடி, அதைச் சிந்தாமல் கண்ணுக்குக் கொண்டுவருவது இரும்பு.

2013-ல் பெங்களூரில் ஒருவரிடமிருந்து அதைப் பழையதாக வாங்கினேன். முகப்பில் 150 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ். குவியத் தூரம் 1200 மி.மீ., அதாவது எஃப் 8. இருட்டில் நம் கண்பாவை 7 மி.மீ. விரிகிறது என்று வைத்துக்கொண்டால், இந்தக் கண்ணாடி அதைப்போல 450 மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு பெரிதாகக் காட்டும், 6 மி.மீ. போட்டால் 200 மடங்கு. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இரட்டை விண்மீன்களை 0.77 வில் விநாடி வரை பிரித்துக்காட்ட வேண்டும் என்பது கணக்கு. ஏட்டில் இவ்வளவும் உண்டு. முதல் நாள் இரவு வியாழனைத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது வேறு: நடுங்கிக்கொண்டே இருந்த ஒரு வட்டம், அதைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு புகை. ஃபோகஸ் திருகைத் தொட்டால் ஏழு விநாடி ஆட்டம். ஆட்டம் நின்று பார்க்கும்போது வியாழன் பார்வையை விட்டே போயிருக்கும்.

விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. மறுநாள் காலை அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மேசைமேல் கிடத்தி, எங்கெங்கே ஆட்டம் இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தேன். கண்ணாடியைத் தவிர எல்லா இடத்திலும் இருந்தது.

முதல் வேலை கால்களில். முக்காலியின் மெல்லிய அலுமினியக் கால்கள் பத்து கிலோ குழாயைச் சும்மா நிறுத்திவைக்கப் போதும். நிலையாகப் பிடித்துவைக்கப் போதாது. குழாய் ஒன்றேகால் மீட்டர் நீளம். அதன் நுனியில் விரல் பட்டால் அது நெம்புகோலாகி அடி வரைக்கும் ஆட்டும். ஆகவே முக்காலியைக் கழற்றிவிட்டு நிரந்தரமாக ஒரு தூண் வைக்க முடிவு செய்தேன். தளத்தில் துளை போட்டால் மழையில் ஒழுகும். நல்லவேளையாக, பிறகு மேல் மாடி எடுக்கலாம் என்று நம் ஊரில் எல்லோரும் விட்டுவைப்பதுபோல் எங்கள் வீட்டிலும் பில்லர் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. தென்கிழக்கு மூலையில் இருந்த நாலு கம்பிகளைச் சுற்றி இரண்டடிக்குக் கான்கிரீட் போட்டேன். அதன்மேல் 6 அங்குல இரும்புப் பைப், உள்ளே உலர்ந்த ஆற்று மணல். மணல் அதிர்வைத் தின்றுவிடும். இந்தத் தூண் தளத்தின்மேல் நிற்கவில்லை. வீட்டின் தூணோடு தூணாக அஸ்திவாரம் வரை இறங்கி நிற்கிறது. மாடியில் யாராவது நடந்தாலும் படம் அசைவதில்லை. ஏழு விநாடி ஆட்டம் ஒரு விநாடிக்குள் அடங்கியது.

அடுத்தது, குழாயைத் தாங்கித் திருப்பும் மவுண்ட். விண்மீன்கள் நகரும் போக்கிலேயே குழாயும் திரும்ப வேண்டுமென்றால், மவுண்டின் ஓர் அச்சு வானத்தின் வட துருவத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் துருவம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ அதுதான் நம் ஊரின் அட்சரேகை. கோவைக்கு அது 11 டிகிரி. கடையில் கிடைக்கும் மவுண்ட்கள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்தவை. என்னுடையது 20 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. திருகை மேலும் முடுக்கினால் போல்ட் வளைந்தது. இறக்கினாலும், எதிர் எடை மாட்டிய தண்டு நேராகக் கீழே தொங்கித் தூணில் இடித்தது. தெற்கே இருப்பவர்களுக்கு இது பொதுவான தொல்லை. எனக்கு விலைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, செய்துதான் ஆகவேண்டியிருந்தது.

பன்னிரண்டு மி.மீ. தகட்டில் ஆப்பு மாதிரி ஓர் அடித்தட்டு செய்தேன். மவுண்டை அது வடக்குப் பக்கம் 15 டிகிரி சாய்த்துப் பிடிக்கும். மவுண்டின் சொந்த அளவுகோலில் 26 வைத்தால் மொத்தத்தில் 11 வந்துவிடும். தலைப்பகுதியைத் தூணிலிருந்து ஐந்து அங்குலம் வடக்கே தள்ளி வைத்ததால் எதிர் எடை எங்கும் இடிக்காமல் முழுச்சுற்று போகிறது. தகட்டின் இரண்டு முகத்தையும் ஃபேசிங் போட்டு, டயல் வைத்துச் சரிபார்த்த அன்றுதான் அந்தத் தொலைநோக்கி எனக்குச் சொந்தமானதாக உணர்ந்தேன்.

துருவ விண்மீனைப் பார்த்து அச்சைச் சரிசெய்வதும் எங்களுக்கு வாய்ப்பதில்லை. 11 டிகிரி உயரம் என்பது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். ஆகவே நகர்வு முறையில் செய்தேன். உச்சிக்கோட்டுக்கு அருகே, வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு விண்மீனை ஐபீஸின் குறுக்குக் கம்பியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகமாகத் திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. கொஞ்சம் திருப்பி, மறுபடி காத்திருந்து, மறுபடி திருப்பி என்று மூன்று இரவு போனது. தூண் நிரந்தரமானது என்பதால் அந்த மூன்று இரவு உழைப்பு இன்றுவரை நிற்கிறது. ஓட்டுவதற்கு ஸ்டெப்பர் மோட்டார் மாட்டினேன். 144 பல் சக்கரத்தைத் திருப்பும் வார்ம் 598 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினால், குழாய் 23 மணி 56 நிமிடத்தில் ஒரு முழுச்சுற்று வரும். விண்மீன்களின் நாள் அவ்வளவுதான். அதற்கான நிரலை அண்ணன் மகன் எழுதித் தந்தான். வார்முக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்த ஆட்டத்தை நான் எடுத்தேன்.

ஃபோகஸர்தான் நான் அதிகம் மெனக்கெட்ட பாகம். எஃப் 8 தொலைநோக்கியில் குவியம் சரியாக இருக்கும் இடம், முன்னும் பின்னும் 0.07 மி.மீ. மட்டுமே. அதைத் தாண்டினால் கூர்மை போய்விடும். கூடவே வந்த ஃபோகஸரில் பற்சக்கரமும் பற்சட்டமும் இருந்தன. திருகைத் திருப்பி எதிர்ப்பக்கம் சுற்றினால் கால் சுற்று சும்மா ஓடும், பிறகு குழாய் தலையாட்டிவிட்டு நகரும். 200 மடங்கில் சனி ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாகத் துள்ளும்.

இங்கிலாந்தின் கிரேஃபோர்டில் இருந்த அமெச்சூர் வானியலாளர் ஜான் வால், 1970-களின் தொடக்கத்தில் இதற்கொரு வழி கண்டுபிடித்தார். பல்லே வேண்டாம். நாலு பால் பேரிங்குகள் குழாயை ஒரு பக்கம் தாங்கும், எதிர்ப்பக்கம் ஒரு மெல்லிய தண்டு குழாயின் தட்டையான முதுகை அழுத்தி, உராய்வால் மட்டுமே நகர்த்தும். பல் இல்லாத இடத்தில் ஆட்டமும் இல்லை. காப்புரிமை எதுவும் வாங்காமல் அதை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அவர் கொடுத்ததால்தான் கணபதியில் ஒரு பட்டறைக்காரன் அதைக் கடைய முடிந்தது. அலுமினியப் பைப்பை உள்ளே 50.8 மி.மீ. வரும்படி கடைந்து, முதுகில் ஒரு தட்டைத் தளம் மில்லிங் போட்டேன். பேரிங்குகளை உட்காரவைக்கும் கோணம் இரண்டு பக்கமும் ஒத்துவர மூன்று முறை செய்யவேண்டியிருந்தது. பத்துக்கு ஒன்று குறைக்கும் நுண்திருகை மட்டும் விலைக்கு வாங்கினேன். இப்போது இரண்டு விரலால் திருப்பினால் நிலவின் பள்ளங்கள் ஓரிடத்தில் சட்டென்று கூராகி நிற்கின்றன. அந்த இடத்தைத் தாண்டினோமா என்ற ஐயமே வருவதில்லை.

ஃபோகஸரை மாட்டும்போது இன்னொன்றும் கண்டேன். குழாயின் பின்முனை நேராக வெட்டப்படவில்லை. ஒரு பக்கம் 0.6 மி.மீ. கூடுதல். ஃபோகஸர் அந்த அளவுக்குச் சாய்ந்தே லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. விண்மீன் வட்டமாகத் தெரியாமல் ஒரு பக்கம் வால் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இணைப்பு வளையத்தைப் புதிதாகக் கடைந்து நேராக்கினேன். மீதியை லென்ஸ் கூட்டில் இருக்கும் மூன்று ஜோடித் தள்ளு-இழு திருகுகள் சரிசெய்தன. 200 மடங்கில் ஒரு பிரகாசமான விண்மீனை வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் உள்ளேயும் வெளியேயும் நகர்த்திப் பார்க்க வேண்டும். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே மையத்தில் இருந்தால் ஒளிப்பாதை நேர். வேறு கருவி எதுவும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது.

குழாயின் உட்புறத்துக்கு வருகிறேன். பகலில் ஐபீஸைக் கழற்றிவிட்டு, வெளிச்சமான வானத்தைப் பார்த்துக் குழாய்க்குள் எட்டிப் பாருங்கள். உட்சுவர் பளபளத்தால் அந்தப் பளபளப்பு இரவில் படத்தின்மேல் வெள்ளைத் திரையாக விழும். பட்டறைக்கு எதிரே பெயிண்ட் கடையில் பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்ட் கிடைக்கிறது. அதில் சலித்த மரத்தூளைக் கலந்து இரண்டு கோட் அடித்தேன். சொரசொரப்பான கறுப்பு ஒளியை எங்கும் திருப்பி அனுப்பாது. லென்ஸிலிருந்து வரும் ஒளிக்கூம்பைத் தாளில் முழு அளவில் வரைந்து, அதற்கேற்ற துளையோடு மூன்று தடுப்பு வளையங்களை உள்ளே நிறுத்தினேன். நிலவுக்குப் பக்கத்து வானம் அன்றுதான் சாம்பல் நிறத்திலிருந்து கறுப்பானது.

இத்தனைக்குப் பிறகும் மீந்தது அந்த ஊதா. அதற்கு மட்டும் கண்ணாடிதான் காரணம். ஆனால் அது குறையல்ல, கண்ணாடியின் இயல்பு. ஒரே லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு தூரத்தில் குவிக்கும். கிரௌன், ஃபிளிண்ட் என்ற இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்தால் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய ஒன்று கூடும், ஊதா தனியே நின்றுவிடும். இதை அடக்கத்தான் அந்தக் காலத்தில் குழாயை நீளமாகக் கட்டினார்கள். 1897-ல் திறந்த யெர்க்ஸ் ஆய்வகத்தின் 40 அங்குல லென்ஸுக்குக் குவியத் தூரம் 19 மீட்டருக்கு மேல். எஃப் எண்ணை அங்குல விட்டத்தால் வகுத்தால் குறைந்தது மூன்று வரவேண்டும் என்பது பழைய அமெச்சூர்கள் வைத்த விதி. என்னுடையதில் எட்டை ஆறால் வகுத்தால் ஒன்றே கால் சொச்சம். விதிக்கு ஒத்துவர வேண்டுமென்றால் குழாய் 2.7 மீட்டர் இருக்கவேண்டும்.

குழாயை நீட்ட முடியாது, வாயைச் சுருக்கலாம். அட்டையில் 100 மி.மீ. துளை வெட்டி முகப்பில் வைத்தேன். 4 அங்குலம், எஃப் 12. வகுத்தால் சரியாக மூன்று. வெள்ளிக் கோளைச் சுற்றியிருந்த ஊதாப்புகை கண்ணெதிரே வடிந்துபோனது. ஆனால் ஒளியில் பாதிக்கு மேல் போய்விடும், நுணுக்கமும் குறையும். ஆகவே அட்டை மூடி வெள்ளிக்கு மட்டும். வியாழனுக்கு ஐபீஸில் வெளிர் மஞ்சள் ஃபில்டர் போதும். மங்கலான விண்மீன் கூட்டங்களுக்கு ஒன்றும் வேண்டாம், அந்த மங்கலில் ஊதா கண்ணுக்கு எட்டுவதே இல்லை. எந்தப் பொருளுக்கு எதைப் போடுவது என்று தெரிந்த பிறகு ஊதா எனக்குப் பகையாக இல்லை.

கண்ணாடியிடம் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு, இரண்டு லென்ஸுக்கும் நடுவில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. பதற்றத்தில் கூட்டைத் திறந்து, இரண்டையும் பிரித்து, சுத்தம் செய்து மறுபடி வைத்தேன். அடையாளம் எதுவும் போட்டுவைக்கவில்லை. அன்றிரவு விண்மீன்கள் எல்லாம் சிலுவையாகத் தெரிந்தன. ஒரு லென்ஸின் சிறு பிசகை மற்றது ஈடுகட்டும் நிலையில் வைத்துத்தான் செய்தவர்கள் பொருத்தியிருப்பார்கள். அந்த நிலையை நான் தொலைத்துவிட்டேன். முன் லென்ஸை 30 டிகிரி வீதம் திருப்பித் திருப்பி, இரவுக்கு ஒரு நிலையாகச் சோதித்து, ஒன்பதாவது நிலையில்தான் திரும்பப் பெற்றேன். ஆகவே சொல்கிறேன்: கூட்டைத் திறக்குமுன் இரண்டு லென்ஸின் விளிம்பிலும் சேர்த்துப் பென்சிலால் ஒரு வி குறி போடுங்கள். நடுவில் இருக்கும் மூன்று மெல்லிய தாள் துண்டுகள் இருந்த இடத்திலேயே திரும்ப உட்காரவேண்டும். துடைக்கக் காய்ச்சி வடித்த நீரும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் புதுப் பஞ்சும் போதும், அழுத்தக் கூடாது. அதைவிட நல்லது பூஞ்சை வரவிடாமல் இருப்பது. இப்போது மூடிக்குள் சிலிகா ஜெல் பை இருக்கிறது, நிறம் மாறினால் வறுத்து மறுபடி வைக்கிறேன். பனி இறங்கும் மார்கழி இரவுகளுக்கு, லென்ஸ் கூட்டைச் சுற்றி 24 அரை வாட் ரெசிஸ்டர்களை இணையாகப் பற்றவைத்த ஒரு பட்டை. ஒவ்வொன்றும் 470 ஓம். 12 வோல்ட்டில் மொத்தம் 7 வாட் சூடு. கண்ணாடி காற்றைவிட ஓரிரு டிகிரி சூடாக இருந்தால் பனி அதில் உட்காராது.

சூரியனைப் பார்க்கும் வடிகட்டியிலும் இதே கவனம் வேண்டும். அது முகப்பில்தான் இருக்கவேண்டும். ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் வெப்பத்தில் வெடித்துக் கண்ணைக் குருடாக்கும். 2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணம் கோவை வழியாகப் போனது. அதற்காக வடிகட்டித் தாளுக்கு வளையம் கடைந்து, காற்றில் பறக்காதபடி மூன்று திருகு வைத்துப் பூட்டினேன். தேடு தொலைநோக்கியையும் மூடிவைத்தேன். மேகம் விலகிய இடைவெளியில் தெருவில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அந்த நெருப்பு வளையத்தைப் பார்த்தார்கள். மூன்று திருகை நம்பித்தான் அவர்கள் கண்ணை அங்கே வைக்கச் சொன்னேன்.

எங்கள் ஊர் வானத்துக்கும் ஒரு குணம் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது 100 மடங்குக்கு மேல் போகமுடியாது. தை முதல் சித்திரை வரை நல்ல காலம். பகலெல்லாம் வெந்த தளம் முன்னிரவில் அனல் விட்டுக்கொண்டிருக்கும், அதன் வழியே பார்த்தால் நிலவு நீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். சாயங்காலமே தளத்தில் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கு விரித்துவிடுவேன். குழாயையும் முக்கால் மணி நேரம் முன்பே திறந்துவைப்பேன். பின்னிரவு மூன்று மணிக்குமேல் காற்று படிந்துவிடும். உழைத்ததற்கெல்லாம் பலன் அந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

11 டிகிரியில் இருப்பது மவுண்டுக்குத் தொல்லை, கண்ணுக்கோ வரம். வடக்கத்திய நாடுகளில் இருப்பவர்கள் பார்க்கவே முடியாத தென்வானம் நமக்குத் தெரிகிறது. மே நடுவில் இரவு 11 மணி வாக்கில், தெற்கே 18 டிகிரி உயரத்தில் ஆல்ஃபா சென்டாரி நிற்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்று, தொலைநோக்கியில் இரண்டு மஞ்சள் விளக்குகள். அது இரட்டை என்பதை முதலில் கண்டவர் பாதிரியார் ழான் ரிஷோ. கண்ட இடம் புதுச்சேரி, 1689 டிசம்பர். வால்வெள்ளி ஒன்றைப் பார்க்கத் தொலைநோக்கியைத் திருப்பியவருக்கு அது கிடைத்தது. அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்ற எண்பது ஆண்டு ஆகிறது. நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில் 4 வில் விநாடி இடைவெளிக்கு நெருங்கியிருந்தவை ஆண்டுக்கு ஆண்டு விலகி வருவதை என் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன்.

சனியையும் அப்படியே. 2017-ல் வளையம் முழுதாகச் சாய்ந்து 27 டிகிரி விரிந்திருந்தது. அந்தச் செப்டம்பரில் ஒரு மாலை பக்கத்து வீட்டு ஆத்தா மாடிக்கு வந்தார். எண்பது வயது. சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போடுகிறவர்.

"ஏங்கண்ணு, சனியையா பாக்குற? அவரை நேருக்கு நேரா நின்னு பாக்கப்படாதுங்குறாங்களே."

"நேரா வேண்டாமுங்க ஆத்தா. இதுல பக்கவாட்டுல நின்னுதான் பாக்கோணும், வாங்க."

உண்மையும் அதுதான். டயகனல் கண்ணாடி ஒளியை 90 டிகிரி திருப்பிவிடுவதால், பார்ப்பவர் சனிக்கு முகம் காட்டாமல் குனிந்து நிற்கிறார். ஆத்தா கோயிலில் நிற்பதுபோலவே ஒதுங்கி நின்று, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். படம் அசையவில்லை. "இத்தன அழகா இருப்பாருன்னு யாருமே சொல்லலியே கண்ணு" என்று மட்டும் சொல்லி இறங்கிப்போனார். 2025 மார்ச்சில் அந்த வளையம் விளிம்பாகத் திரும்பியது. அப்போது சனி சூரியனுக்கு அருகில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. ஆண்டுக் கடைசியில் பார்த்தபோது ஊசி குத்திய மணிபோல் இருந்தது. ஆத்தா இப்போது இல்லை.

என்னுடையதைப் போலவே கொடைக்கானல் வானாய்வகத்திலும் ஒரு 6 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. பாரிஸில் செய்து, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை வானாய்வகத்துக்கு வந்தது. 1898-ல் க்ரப் நிறுவனம் அதைச் சூரியனைப் படமெடுக்கும் கருவியாக மாற்றியமைத்தது. 20-ஆம் நூற்றாண்டில், வானம் தெளிந்த நாளெல்லாம் அது சூரியனைப் படம் பிடித்தது. சுற்றியிருப்பதை மாற்றியதால் ஒரு பழைய தொலைநோக்கிக்கு இன்னொரு நூற்றாண்டு வாழ்க்கை கிடைத்தது.

பெரிய தொலைநோக்கி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். இருப்பதை முதலில் சரிசெய்யுங்கள். இன்றிரவு ஒரு விண்மீனை நடுவில் நிறுத்தி, குழாயை விரலால் ஒருமுறை தட்டி, ஆட்டம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் போனால் உங்கள் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.